அணுமின் நிலையத்துக்காரியும் நானும்

டீசலுக்கு நாடே வரிசையில் நின்ற வருடத்தில்தான் அவள் கனடாவிலிருந்து வந்தாள். சாவகச்சேரியில் உயர்தர வகுப்பு வரை என் பக்கத்தில் இருந்து படித்தவள். பௌதிகவியலில் எப்போதும் எனக்குத்தான் புள்ளிகள் கூட. ஆனால் அம்மா படுக்கையில் விழுந்ததால் நான் ஊரிலேயே ஆசிரியையானேன். அவள் வெளிநாடு போய், ஓர் அணுமின் நிலையத்தில் பொறியியலாளரானாள்.

என் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தன் வேலையைப் பற்றிக் கதைக்கும்படி பாடசாலை அதிபர் அவளை அழைத்தார். படங்கள் காட்ட மடிக்கணினியோடு வந்தாள். தொடங்கிப் பத்து நிமிடத்தில் மின்சாரம் நின்றது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது.

அவள் என் மேசையிலிருந்த வெண்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் உலையை வரைந்தாள்.

"விரல் நுனியளவு எரிபொருளிலை நூற்றுக்கணக்கான கிலோ நிலக்கரியின்ரை சக்தி இருக்கு. புகை இல்லை. காத்து அடிச்சாலும் அடிக்காட்டிலும் இரவு பகலா ஓடும்."

பிள்ளைகள் முன்னுக்குச் சாய்ந்து கேட்டார்கள். என் பாடத்தில் அவர்கள் ஒருநாளும் அப்படி இருந்ததில்லை. பின்வரிசையில் இருந்த நான் எழும்பினேன். அவளைத் தடுமாற வைக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு நோக்கம் எனக்கு இருக்கவில்லை.

"விபத்து நடந்தா? கழிவை எங்கை கொண்டுபோய் வைப்பியள்? எதிர்க்கரையிலை தமிழ்நாட்டிலையும் அணுவுலை ஓடுது. வெளிச்சம் அவைக்கு, காத்து இஞ்சாலை திரும்பினாப் பயம் எங்களுக்கு."

அவள் தடுமாறவில்லை.

"ஓம், நல்ல கேள்வி. என்ரை வீடு நிலையத்துக்குக் கிட்ட. விபத்து நடந்தாப் போடுறதுக்கு அயடீன் குளிசை எப்பவும் அலுமாரியிலை இருக்கு. கழிவைத் தண்ணித் தொட்டியிலை வருஷக்கணக்கா ஆறவிட்டு, பிறகு கொங்கிறீற் பெட்டியளுக்கை வைச்சிருக்கிறம். கடைசியா எங்கை புதைக்கிறதெண்டது இன்னும் முடியாத அலுவல். பயமில்லையெண்டு நான் சொல்லமாட்டன்."

முன்வரிசைப் பிள்ளையொருத்தி கேட்டாள்: "டீசலிலை ஓடின மின்நிலையத்தாலை எங்கடை கிணத்துத் தண்ணி எண்ணெய் மணந்தது. அப்ப எதிலைதான் ஆபத்தில்லை, ரீச்சர்?"

ரீச்சர் என்று அவளைத்தான் கூப்பிட்டாள். அந்த வகுப்பில் அந்தச் சொல் என்னுடையது. அது எனக்குச் சுட்டது.

"எல்லாத்திலையும் இருக்கு, பிள்ளை," என்றாள் அவள். "ஆர் கவனமாப் பாக்கினம், பிழை நடந்தா ஒளிக்காமல் சொல்லுவினமோ எண்டதைத்தான் முதல் கேக்கவேணும்."

நேரம் போதவில்லை. மிச்சக் கேள்விகளைப் பிள்ளைகள் கடதாசியில் எழுதித் தந்தார்கள். "படமெடுத்து அனுப்பு, நான் போய்ப் பதில் சொல்லுறன்," என்று என்னிடம் சொல்லிவிட்டு அவள் போனாள்.

வீட்டில் அவற்றை வாசித்தேன். 'ஒரு உலையை நிப்பாட்டினால் எத்தனை வருடத்தில் ஆறும்?' 'இலங்கையில் கட்டினால் எங்கே கட்டுவார்கள்?' இவ்வளவு நல்ல கேள்விகளை என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. கடதாசிக் கட்டை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தேன். இரண்டு கிழமை அது அங்கேயே கிடந்தது.

முன்வரிசைப் பிள்ளை வந்து, "பதில் வந்ததோ, ரீச்சர்?" என்று கேட்டாள்.

"இன்னும் வரேல்லை," என்றேன்.

"அவவுக்கு நேரமில்லைப் போலை," என்று அவள் முகம் வாடிப் போனாள். என் பொய்யின் பழி கனடாவில் இருப்பவளின் தலையில் விழுந்துவிட்டது. அன்று பாடசாலை விட்டதும் எல்லாக் கடதாசிகளையும் படமெடுத்து அனுப்பினேன். பிந்தியதற்கு நான்தான் காரணம் என்றும் எழுதினேன். ஏனென்று எழுதவில்லை.

அடுத்த நாளே குரல்பதிவுகள் வந்தன. வகுப்பில் போட்டுக் காட்டினேன். ஒவ்வொரு கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொல்லியிருந்தாள். கடைசிப் பதிவில், "கதிர்வீச்சைப் பற்றி உங்கடை ரீச்சரிட்டைக் கேளுங்கோ. படிக்கேக்கை எனக்கு அதை விளங்கப்படுத்தினது அவதான்," என்றாள்.

பிள்ளைகள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் வெண்கட்டியை எடுத்துப் பாடத்தைத் தொடங்கினேன். அவளுக்கு இவ்வளவு பெரிய மனம் இருந்ததே என்று அப்போதும் பொறாமையாகத்தான் இருந்தது.