விளக்கு வைத்தபின் கூட்டாத குடோன்

மொறுக், மொறுக். லைட்டைப் போடும் முன்பே, மூட்டையில் சாய்ந்தால் கேட்கும். ராத்திரிக் காவல்காரனுக்குத் திருடனைப் பிடிக்கத்தான் சம்பளம். எங்கள் குடோன் திருடனோ மக்காச்சோள மணிக்குள்ளேயே குடியிருந்தான். தூக்கம் கெட்ட சக காவல்காரர்களே, அந்தச் சத்தத்தோடு விடிவது எப்படியென்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம்.

திரும்பி வந்த லோடு

வண்டு இருக்கிறதென்று தீவன மில்லிலிருந்து லாரி அப்படியே பெரம்பலூருக்குத் திரும்பி வந்தது. என்னையும், கூட்டிப் பெருக்கும் அமிர்தம் அக்காவையும் முதலாளி கூப்பிட்டார். "இன்னொரு லோடு திரும்பிச்சுன்னா குடோனைப் பூட்டிருவேன். அப்புறம் வண்டுகிட்டயே சம்பளம் வாங்கிக்கங்க."

பழகிப்போன மருந்து

அரியலூரிலிருந்து மருந்து வைக்கிற சேகர் வந்தார். மூட்டை அடுக்கைத் தார்ப்பாயால் மூடி, உள்ளே விஷப்புகை விடும் மாத்திரை வைத்து, சில நாள் கழித்துப் பிரித்தார். கருமணலாய்ச் செத்துக் கிடந்த வண்டுகளுக்கு நடுவே ஒன்றிரண்டு ஊர்ந்தன. "மருந்து அதுங்களுக்குப் பழகிப்போச்சுண்ணே" என்றார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. செத்தது எங்கே பழகும்? பிறவியிலேயே கொஞ்சம் கெட்டியானது தப்பிக்கிறது. அதன் குஞ்சுகளும் கெட்டி. அடுத்த மருந்துக்கு அவற்றிலும் கெட்டியானதுதான் நிற்கிறது. நூலகத்தில் படித்த இதைச் சொன்னதும் சேகர் தார்ப்பாயை மடித்தபடியே கேட்டார்: "அப்ப இத்தனை நாளா நான் வண்டைக் கொல்லலை, விதைக்குப் பொறுக்கி எடுத்திருக்கேன்ங்கிறீங்க?"

மூலையில் குடித்தனம்

தப்பியவை எங்கே போகின்றன? அக்கா கூட்ட வருவது, லோடு ஏற்றி முடிந்த அந்தியில். விளக்கு வைத்தபின் குப்பையை வாசல் தாண்டித் தள்ளினால் லட்சுமி போய்விடுவாளாம். கூளத்தை மூலையிலேயே குவித்துவிடுவார். காலையில் அதன்மேலேயே புது மூட்டை அடுக்குவார்கள். ஒவ்வொரு மருந்துக்கும் மிஞ்சியவை அங்கே கூடிக் குடித்தனம் நடத்தின. மூட்டையை நகர்த்திக் காட்டினேன். அக்கா குனிந்து பார்த்தார். "லட்சுமியை நிறுத்துறேன்னு நெனச்சேன் தம்பி. இதுங்களையா வூட்டோட வச்சிருந்தேன்?"

இப்போது அக்கா வெயில் இருக்கும்போதே வந்துவிடுகிறார். கூளத்தை வெளியே அள்ளிப்போய்த் தூரத்தில் எரிக்கிறோம். அதன்பிறகு போன லோடு திரும்பவில்லை. முதலாளி பூட்டு வாங்கவில்லை.

எங்கோ ஒரு கெட்டி வண்டு மிஞ்சியிருக்கும்வரை அதைக் கூட்டித் தள்ள ஆள் வேண்டும்; அக்கா வேலைக்கும் என் வேலைக்கும் பயமில்லை என்று தோன்றுகிறது. பொழுது சாய்கிறது, விளக்கு வைக்குமுன் நானும் ஒரு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போகிறேன்.