கட்டபெட்டு வைத்தியம்

கோடை வந்தால் சமவெளிக்காரர்களுக்கு வெயில் வரும். எங்களுக்கு அவர்கள் வருவார்கள். பள்ளிக்கூடம் சாத்திய மறுநாளே திருப்பூரிலிருந்து அத்தையும் மாமாவும் பிள்ளைகளோடு வந்து இறங்குவார்கள். அடுத்த பஸ்ஸில் ஈரோட்டுச் சித்தப்பாவும் சித்தியும் கைக்குழந்தையோடு. வெலிங்டனில் அப்பாவுக்குக் கொடுத்திருந்த குவார்ட்டர்ஸில் அறைகள் இரண்டுதான். ஆனால் சொந்தக்காரர்கள் வந்தால் அந்த வீடு எப்படியோ உப்பிக்கொள்ளும்.

வந்தவர்கள் குளிரை ரசிப்பார்கள். சித்தப்பா செல்போனைத் தூக்கிக்கொண்டு பனிமூட்டத்தைப் படம் பிடிப்பார். எல்லாப் படமும் வெள்ளையாகத்தான் இருக்கும், ஒவ்வொன்றையும் எங்களுக்குக் காட்டுவார். மாமா ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, “வெந்நி காஞ்சிருச்சுங்களா?” என்று கேட்டபடி நடப்பார். ஒருவர் குளித்து முடிப்பதற்குள் அடுத்தவருக்கு டீ, அதற்கடுத்தவருக்குத் தோசை. நீலகிரி முழுக்க வேர்த்து வடிந்த ஒரே ஆள் என் அம்மாதான். அவருக்கு ஊற்றிவைத்த டீ ஆடை கட்டிப்போய் அடுப்பு மேடையிலேயே இருக்கும்.

எனக்கு அப்போது இரண்டாம் வகுப்பு. என் மூளை இன்னும் ஒன்றாம் வகுப்பிலேயே இருக்கிறது என்பது என் டீச்சரின் கருத்து. அதை மறுக்கும்படி நான் எதுவும் செய்ததில்லை.

ஒரு மத்தியானம் அத்தை மகன் என் காதைப் பிடித்து முறுக்கினான். ஊர் கேட்கிற மாதிரி கத்தினேன். வழக்கமாக அம்மா அடுப்படியிலிருந்தே, “டேய், சத்தம் போடாதீங்க” என்று சொல்வதோடு சரி. அன்று மாவுக் கையோடு வெளியே வந்து என் காதைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“டாக்டர்கிட்டக் காட்டோணும்” என்றார்.

“ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டாப் போதும் தங்கச்சி” என்றார் மாமா.

“காது விஷயம்ங்கண்ணா. விளையாட்டில்லைங்க.”

சேலை மாற்றி, என் இரண்டு காதிலும் பஞ்சு அடைத்து, மப்ளர் சுற்றி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வலித்தது ஒரு காது என்று சொன்னேன். அம்மா காதில் விழவில்லை.

குன்னூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். ஆஸ்பத்திரிக்குப் போகாமல் அம்மா கோத்தகிரி பஸ்ஸில் ஏறினார். ஜன்னல் சீட்டை அவரே எடுத்துக்கொண்டார்.

“அம்மா, ஆஸ்பத்திரி?”

“இதான்டா வைத்தியம். பஸ்ஸு மேல ஏறி எறங்குறப்ப காது அடைச்சு அடைச்சுத் தொறக்கும். அதுலயே சரியாப் போயிரும். பேசாம உக்காந்து வா.”

சொன்னது போலவே காது அடைத்தது, திறந்தது. மருத்துவம் இவ்வளவு முன்னேறிவிட்டதே என்று பிரமித்துப்போனேன். ஒரு சந்தேகம் கேட்கத் திரும்பினால், இரண்டாவது வளைவிலேயே அம்மா ஜன்னல் கம்பியில் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்து, தூங்கிக்கொண்டிருந்தார். கோத்தகிரிக்கு முன்னாலேயே, வழியில் கட்டபெட்டில் இறங்கி எனக்கு ஒரு பன் வாங்கிக்கொடுத்தார். அவர் டீ குடித்தார். ஆவி பறக்கிற டீ, கடைசிச் சொட்டு வரை. பிறகு எதிர்ப் பஸ்.

வீட்டில் எல்லாரும் கேட்டார்கள். “ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரச் சொல்லியிருக்காரு” என்றார் அம்மா, கண்ணைத் தாழ்த்தி. நானும் நோயாளிக்குரிய சோகத்தோடு தலையாட்டினேன்.

இப்படியே போய்க்கொண்டிருந்தது. அம்மாவின் முகத்தில் களை வந்தது, தாளிக்கும்போது பாட்டு வந்தது. எனக்குப் பன் வந்தது. அத்தைக்குச் சந்தேகம் வந்தது.

ஒரு நாள் காலை, சாப்பிடும் நேரம் பார்த்து என்னிடம் கேட்டார்: “ஏங் கண்ணு, அந்த டாக்டரு எப்புடி இருப்பாரு?”

எனக்கென்ன பயம். “பெரிய மீசைங்க அத்தை. காக்கிச் சட்டை போட்டிருப்பாரு.”

தோசைக்கல்லில் கரண்டி நின்றது.

“வெலிங்டன் பக்கம் எல்லாம் மிலிட்டரி டாக்டருங்கதானுங்க அண்ணி” என்றார் அம்மா, கல்லைப் பார்த்தபடி.

“அப்படியா? அப்ப நாளைக்கு நானும் வாறேன். என்ற முட்டி வலியையும் காட்டிப் போடலாம்.”

மறுநாள் மூன்று பேரும் கிளம்பினோம். அம்மா என் கையை விடவே இல்லை. குன்னூரில் கோத்தகிரி பஸ் தயாராக நின்றது. அம்மா ஆஸ்பத்திரி இருக்கும் பக்கமாகத் திரும்பினார். அனுபவம் மிக்க நோயாளியான நானோ கையை உதறிவிட்டு பஸ்ஸில் ஏறி, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினேன்.

“அத்தை, இங்க வாங்க. டாக்டர் இன்னும் டீ குடிச்சுட்டு வரல.”

டீக்கடை வாசலில் மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தார் டிரைவர். அத்தை அவரைப் பார்த்தார், பஸ்ஸைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா தன் செருப்பைப் பார்த்தார்.

“ஏன் அம்மிணி” என்றார் அத்தை மெதுவாக, “போன பொங்கலுக்கு எங்க ஊடு நெறைய ஆளுங்க. ஒக்கார நேரமில்லாம அழுதே போட்டேன். எனக்கு இந்த ரோசனை வராமப் போச்சே.”

ஏறி உட்கார்ந்தார். முதல் வளைவுக்கு முன்பே தூங்கிவிட்டார். அவர் தோளில் அம்மா. கட்டபெட்டு வந்தபோது கண்டக்டர் வந்து எழுப்பப் போனார்.

“எழுப்பாதீங்க, வைத்தியம் நடக்குது” என்றேன்.

அவர் இருவரையும் கொஞ்ச நேரம் பார்த்தார். விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கோத்தகிரி வரை வாயாலேயே “போலாம், போலாம்” என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

நாங்கள் வீடு திரும்பியபோது இருட்டத் தொடங்கியிருந்தது. சித்தப்பா பாய்லரைப் பற்றவைத்துப் பனிமூட்டத்தை வீட்டுக்குள்ளேயே வரவழைத்திருந்தார். மாமா உப்புமா கிண்டியிருந்தார். அதைச் சுவரில் எறிந்தால் சுவருக்குத்தான் சேதம்.

“தெனமும் வரச் சொல்லீட்டாரு” என்று அறிவித்தார் அத்தை. “எனக்கும் காதுலதான் கோளாறாமா.”

“முட்டி வலின்னுதானே போனே?”

“முட்டிக்கும் காதுக்கும் ஒரே நரம்பாமா. உங்களுக்கென்ன தெரியும்?”

அந்த வாரமே சித்திக்கும் காது வலித்தது. கைக்குழந்தையைச் சித்தப்பாவின் மடியில் வைத்துவிட்டு அவரும் பஞ்சு அடைத்துக்கொண்டு வந்தார். மூன்று பெண்களும் பின் சீட்டில் எதற்கோ சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மாமாவின் உப்புமா மெல்ல மெல்லத் தேறியது. அப்பா வேலை முடிந்து வரும்போது ஒரு பெரிய பஞ்சு உருண்டை வாங்கி வந்து அம்மா கையில் கொடுத்தார். இது பெண்களை மட்டும் பிடிக்கும் தொற்றுநோய் என்றும், அதை ஆரம்பித்துவைத்தவன் நானே என்றும் எனக்கு உள்ளூரப் பெருமை.

ஜூன் வந்தது. எல்லாரும் ஊருக்குப் போனார்கள், மழை வந்தது, பள்ளிக்கூடம் திறந்தது. ஒரு காலை எனக்கு நிஜமாகவே காது வலித்தது. நல்ல வலி. நானே மப்ளர் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்குத் தயாராகி நின்றேன். அம்மா இரண்டு சொட்டுச் சூடான எண்ணெயை விட்டு, புத்தகப் பையை மாட்டிவிட்டார்.

“கட்டபெட்டு டாக்டர்?” என்றேன், அழுகையோடு.

அம்மா அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்து சிரித்தார். மூச்சு வாங்கச் சிரித்தார். பிறகு என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, “அவரு சீசனுக்கு மட்டுந்தான்டா வருவாரு” என்றார்.

காது வலிக்காதபோது அத்தனை தடவை பார்த்துவிட்டு, வலிக்கும்போது லீவு போடுகிற டாக்டர் என்ன டாக்டர் என்று எனக்கு ஆத்திரம். வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே, மழையில் பள்ளிக்கூடம் போனேன்.