பதினோரு பயணத்துக்கு ஒரு பெட்டிப் படம்

தபால்வழியில், கரஸில் பி.காம். படிக்கிறேன் என்றால் எங்கள் பேக்கிங் ஷெட்டில் சிரிப்பார்கள். பட்டாசை அட்டைப்பெட்டியில் அடுக்குகிறவளுக்கு எதற்குப் படிப்பு என்று. சிரிக்கட்டும். விருதுநகரில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு, எம். புதுப்பட்டியிலிருந்து பஸ் ஏறிவிடுவேன். வீட்டில் கிடந்தால் மட்டும் பேச்சுக்கு யார் இருக்கிறார்கள்? வீட்டுக்காரர் பட்டாசு லோடு லாரி ஓட்டுகிறார். வடக்கே போனால் போனதுதான்.

புள்ளியியலில் பெட்டி வரைபடம் வந்தது. வழக்கமாக வரும் எண்களுக்கு நடுவில் ஒரு பெட்டி, அதைத் தாண்டியவற்றுக்கு இரண்டு பக்கமும் மீசை மாதிரி கோடு. உங்கள் வீட்டுக் கணக்கு எதையாவது வரைந்து வாருங்கள் என்றார் டீச்சர். நான் யோசிக்கவே இல்லை. வீட்டுக்காரர் கிளம்பினால், திரும்பும்வரை தினசரி காலண்டரில் தாள் கிழிக்க மாட்டேன். வந்த அன்று மொத்தமாகக் கிழித்து ரப்பர் பேண்ட் போட்டு வைப்பேன். சித்திரையில் தொடங்கித் தீபாவளி சீசன் முடிய, பதினோரு கட்டு இருந்தது.

முதலில், கட்டுக்கு எத்தனை தாள் என்று எண்ணி, போன வரிசையிலேயே எழுதி நடுவை எடுத்துத் தொலைத்தேன். சிறிதிலிருந்து பெரிதாக அடுக்க வேண்டுமாம். அடுக்கினேன்: 9, 10, 11, 11, 12, 13, 14, 15, 16, 17, 29. நடு எண் பதின்மூன்று. அதற்குக் கீழே உள்ள ஐந்தில் நடு பதினொன்று, மேலே உள்ள ஐந்தில் நடு பதினாறு. பதினொன்றிலிருந்து பதினாறுவரை பெட்டி, பதின்மூன்றில் உள்ளே ஒரு கோடு. இடது மீசையை ஒன்பதில் முடித்து, வலது மீசையை இருபத்தொன்பதுவரை இழுத்துவிட்டேன்.

டீச்சர் சிவப்பு மையில் அதை வெட்டினார். பெட்டியின் நீளம் ஐந்து. அதன் ஒன்றரை மடங்கைப் பதினாறோடு கூட்டினால் இருபத்து மூன்றரை. அதைத் தாண்டிய எண் மீசையில் சேராது, தனிப் புள்ளியாக வைக்க வேண்டும், மீசை பதினேழோடு நிற்கும் என்றார். எனக்கு வந்ததே கோபம். பீகாரில் ரிட்டர்ன் லோடு கிடைக்காமல் அவர் மாட்டிக்கொண்ட பயணம் அது. இருபத்தொன்பது நாளையும் ஒவ்வொன்றாகக் கழித்தவள் நான். இவர்களுக்கு அது ஒரு புள்ளியாம். ஆனாலும் திருத்தி வரைந்தேன். மார்க் வேண்டுமே.

அடுத்து வீட்டுக்காரர் வந்தபோது, மத்தியானச் சாப்பாடு முடிந்து நோட்டைப் புரட்டினார். விளக்கிச் சொன்னேன். பார்த்துவிட்டுக் கேட்டார்.

"நான் வீட்டுல இருந்த நாளுக்குப் படம் போடலையா?"

கட்டுகளில் இருந்த தேதிகளைப் பார்த்து இடைவெளிகளை எழுதினேன். மொத்தம் பத்து. ஒரு தடவை ஒரு நாள், எட்டுத் தடவை இரண்டு நாள், ஒரு தடவை மூன்று நாள். நடு இரண்டு. கீழ்ப்பாதியின் நடுவும் இரண்டு, மேல்பாதியின் நடுவும் இரண்டு. பெட்டி விழவே இல்லை. மீசைகூட இல்லாத ஒற்றைக் கோடு. பெட்டிக்கு நீளமே இல்லாததால் ஒன்றும் மூன்றும் வெளியே, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு புள்ளி.

"மூணு நாளு இருந்தேனே, அது எங்கன?"

லாரி எஞ்சின் வேலைக்கு நின்ற தடவை அது. ஆனைக்குட்டம் அணைக்குப் போய் மீன் வாங்கி வந்தோம். மூன்றாம் நாளும் அவர் வீட்டில் இருந்ததை நம்பாமல், அடுப்படியிலிருந்து இரண்டு தடவை எட்டிப் பார்த்தேன். கோட்டுக்கு வலப்பக்கம் தனியாக நின்ற புள்ளியில் விரல் வைத்தேன்.

"இந்தா இருக்கு. இது கணக்குக்கு வெளிய நிக்கிது. எனக்கு இந்தப் புள்ளிதாங்க பெட்டியாகணும்."

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவருக்கு லோடு.