தாளில் விட்டுப்போன இரண்டு வார்த்தைகள்

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம் பார்த்த வேலையை ஒரு வாட்ஸ்அப் குரல் பதிவால் இழந்தேன். அன்று காலை புக்கிட் மெர்தாஜாம் வீட்டில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். சூப்பர்வைசரிடம் லீவு கேட்டேன். அவரும் தமிழர்தான், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். ஆளில்லை, முடியாது என்றார். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். பஸ் ஏறியதும் அவருக்கு நாலு வார்த்தை பேசி அனுப்பிவிட்டேன். மூன்றாம் நாள் திரும்பிப் போனால், "நீங்கதான் வேலைய விட்டுட்டீங்களேக்கா" என்று கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள்.

தொழில் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டேன். அங்கே கம்பெனி ஒரு தாளைக் கொடுத்தது. என் குரல் பதிவின் மலாய் மொழிபெயர்ப்பு அது: என்னால் முடியாது, நான் போகிறேன். கீழே முத்திரை, கையெழுத்து எல்லாம் பக்காவாக இருந்தன. என் போன் பழுதாகி, பதிவும் அதோடு போய்விட்டது. நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று என் வக்கீலம்மாவிடம் சத்தியம் செய்தேன்.

"தாளோட சண்ட போட முடியாதுலா. அசல கேப்போம்" என்றார் அவர்.

சூப்பர்வைசரின் போனைக் கொண்டுவரச் செய்தார்கள். எல்லோர் முன்னாலும் என் குரல் கேட்டது. "என்னால முடியாதுண்ணே, நான் போறேன்!"

தூக்கிவாரிப் போட்டது. சொல்லித்தான் இருக்கிறேன். வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டேன். அப்புறம் பஸ் இரைச்சல். ஒரு பெருமூச்சு. பிறகு அதே ஆத்திரக் குரலில், "போயிட்டு வரேன்."

தாளை எழுதிக் கொடுத்தவர் சூப்பர்வைசரேதான். கடைசி இரண்டு வார்த்தைகளை ஏன் விட்டீர்கள் என்று வக்கீலம்மா கேட்டார்.

"அது சும்மா சொல்றதுதானே, பை பை மாதிரி. எல்லா எடத்துலயும் சொல்றோம்."

"எல்லா எடத்துலயுமா?"

"சாவு வீட்டுல சொல்ல மாட்டோம். திரும்பி வர்றேன்னு அர்த்தமாயிடும்ல."

மொழிபெயர்ப்பாளர் அதை மலாயில் சொல்ல, நீதிமன்றத் தலைவர் எழுதிக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வேலையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்த அன்று, சூப்பர்வைசர் என்னைக் கடந்து வாய் திறக்காமல் படியிறங்கினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"என்னண்ணே, சொல்லாம போறீங்க? இது என்ன சாவு வீடா?"

நின்றார். என் முகத்தைப் பார்க்க முடியாமல் திரும்பினார்.

"போயிட்டு வரேன்மா" என்றார்.