பெண் பார்க்கப் போன ஏர்பேக்

லட்டு மறுபடியும் பூந்தியாக மாறி நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். போன ஞாயிற்றுக்கிழமை, லாஸ்பேட்டையில், என் மடியிலேயே!

என் தம்பி செந்திலுக்கு நான் பெண் தேடும் கதை, இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வரி — அவனுக்கு நெற்றிக்கு மேலே முடி இருந்த காலத்தில் ஆரம்பித்தது. ஜாதகம் பொருந்தினால் பெண்ணுக்குப் பிடிக்காது. பெண்ணுக்குப் பிடித்தால் பெண்ணின் மாமாவுக்குப் பிடிக்காது. அப்பா அம்மா இல்லாத வீடு. நான் பார்க்காவிட்டால் அவனுக்கு யார் பார்ப்பார்கள்?

இந்த முறை கலைவாணி. கல்லூரியில் கணக்குப் பாடம் எடுக்கிறாள். போட்டோவைத் தம்பி இரண்டு தடவை வாங்கிப் பார்த்தான். அப்புறம் மெதுவாகச் சொன்னான்: “அக்கா, இதுவும் தட்டிப்போச்சுன்னா விட்டுடு. இனிமே நான் எங்கயும் வர மாட்டேன்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

சரி, காருக்கு வருவோம். அதுவரை ஸ்கூட்டரே கதி என்று இருந்தவன், புத்தம் புதுக் கார் வாங்கியிருந்தான். முன்னால் இரண்டு ஏர்பேக். ஷோரூம் பையன் அதைப் பற்றி என்னென்னவோ விளக்கினான். நாங்கள் கேட்டோமா? டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம்!

ஆயுத பூஜை அன்று ஸ்டீயரிங்குக்கு நடுவில், ஹாரன் அடிக்கும் இடத்தில், சந்தனம் குழைத்துப் பூசி, குங்குமம் வைத்தேன். அங்கே பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்தது. அது மறையும்படி ஒரு பெரிய பொட்டு. பெண் பார்க்கக் கிளம்பிய அன்று, நல்ல காரியமாயிற்றே என்று அதன் மேலேயே இன்னும் ஒரு கை குங்குமத்தை அப்பினேன். அந்தப் பொடி எழுத்து என்ன தெரியுமா? ‘ஏர்பேக்’!

வண்டியில் ஏறியதும் தம்பி சொன்னான்: “பெல்ட்டு போடுக்கா.”

“போலீஸ்தான் யாரும் இல்லையேடா?”

“போலீஸுக்கு இல்லக்கா. அவங்க டீசன்ட்டான ஃபேமிலி. பெல்ட்டோட போய் இறங்குனா ஒரு இது இருக்கும்.”

போட்டேன். மடியில் லட்டு டப்பா. பெண்ணின் தெருவுக்குள் திரும்பினோம். சுண்ணாம்பு வாசனை போகாத வெள்ளைக் காம்பவுண்டுச் சுவர், மேலே பால்கனி. பால்கனியில்... பச்சைப் புடவையில் கலைவாணி.

தம்பி மேலே பார்த்தான். நானும் மேலே பார்த்தேன். ரோட்டைப் பார்க்க யாருமே இல்லை. “டேய், சுவருடா!” என்று நான் கத்தவும், அவன் பிரேக்கை மிதிக்கவும் சரியாக இருந்தது. ஆனால் அவன் மிதித்தது பிரேக் இல்லை.

டமார்!

ஏர்பேக் என்றால் நான் என்ன நினைத்திருந்தேன்? பஞ்சுத் தலையணை மாதிரி மெதுவாக விரிந்து, ‘வாம்மா’ என்று கன்னத்தைத் தாங்கும் என்று. அப்படியெல்லாம் கிடையாது. பளார் என்று ஓர் அறை, அவ்வளவுதான்! மோதியதை ஒரு சென்சார் கண்டுபிடிக்கும்; உள்ளே மருந்து ஒன்று வெடித்தாற்போல் எரியும்; அந்தக் காற்றில் பை விரியும். நாம் கண்ணைச் சிமிட்டி முடிப்பதற்குள் எல்லாம் ஆகிவிடும். நம் முகம் போய் மெத்தென்று அழுந்தியதும் காற்று இறங்கி, பை தொளதொளவென்று தொங்கிவிடும். பெல்ட் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால்தான் அது காப்பாற்றும். இல்லாவிட்டால் அதுவே ஆளைக் காயப்படுத்திவிடுமாம். இதெல்லாம் சர்வீஸ் சென்டரில் பிற்பாடு சொன்னது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், தீபாவளி வெடி நாற்றம், காதுக்குள் ‘ஙொய்ய்’, கார் முழுக்க வெள்ளைப் புகை.

மடியில் இருந்த லட்டு? பூந்தி பூந்தியாக உதிர்ந்து, என் தலையில், காதில், ஜாக்கெட்டில்...

தம்பியைத் திரும்பிப் பார்த்தேன். ஐயோ! முகம் முழுக்கச் சிவப்பு!

“அக்கா! அக்கா! உனக்கு ஒண்ணும் இல்லியே?” என்று அவன் கத்தினான். காது அடைத்துக்கொண்டதால் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினான். பதிலுக்கு நான் கத்தியது எனக்கே நன்றாக ஞாபகம் இருக்கிறது:

“லட்டு போச்சேடா!”

தெருவே ஓடி வந்தது. “தீப்பிடிச்சிக்கிச்சு, தண்ணி ஊத்து!” என்றது ஒரு குரல். “ரத்தமா கொட்டுதுப்பா, கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கு!” என்றது இன்னொன்று. பாதிச் சுவர் இடிந்து கிடக்க, அதன் மேல் ஏறி நின்று பெண்ணின் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

நல்லவேளை, எதிர்வீட்டுப் பெரியவர் வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். தெருவில் எல்லாருக்கும் அவர் ‘முசியே’, அதாவது பிரெஞ்சில் ‘ஐயா’. கூட்டத்தை விலக்கி, தம்பியின் கன்னத்தை ஒரு விரலால் தொட்டு, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

“குங்குமம்யா இது! அது தீயும் இல்ல, பவுடரு. பை மடிப்புல ஒட்டாம இருக்கறதுக்குப் போடுவான். எறங்கி வெளிய காத்துல நில்லுங்க. கண்ணக் கசக்காதீங்க, நல்லாக் கழுவுங்க.”

கழுவினோம். தம்பியின் மணிக்கட்டில் தோல் லேசாக வழன்றிருந்தது. எனக்குக் கன்னம் சிவந்து, தொண்டை கமறியது. இதெல்லாம் சகஜம்தானாம். இருந்தாலும் பிற்பாடு டாக்டரிடமும் காட்டிக்கொண்டோம். வண்டியை ஓட்டவே கூடாது, இழுத்துத்தான் போக வேண்டும். ஏர்பேக் ஒரு தடவைதான் விரியும். அப்புறம் புதுசுதான் மாட்ட வேண்டும். இது தெரியாமல் தெருக்காரர்கள் நாலு பேர், தொங்கிய பையைப் பாய் மாதிரி சுருட்டி உள்ளே திணிக்கப் பார்த்தார்கள். “புடிச்சிக்கோ, பஞ்சர் ஒட்டி காத்தடிச்சா சரியாயிடும்” என்று ஒருவர் ஆறுதல் வேறு.

வீட்டுக்குள் போய் உட்கார்ந்தோம். பெண்ணின் அம்மா சமையலறைக் கதவோரம் நின்று, “வரும்போதே இப்படின்னா... சகுனம்...” என்று இழுத்தார். தம்பி தலையைக் குனிந்துகொண்டான். காதோரம் இன்னும் குங்குமம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. போச்சு, எல்லாம் போச்சு. பொட்டு வைத்த என் கையை ஒடிக்க வேண்டும் என்று தோன்றியது.

அப்போது கலைவாணி வந்தாள். கையில் காபி இல்லை. தம்பிக்கு ஒரு ஈரத் துண்டு.

“அம்மா, நான் மேல இருந்து பாத்துட்டுதான் இருந்தேன்,” என்றாள். “அவரு முகமெல்லாம் ரத்தம்னு அவருக்கே பயம். அப்பவும் அக்காவுக்கு ஒண்ணும் இல்லியேன்னுதான் கேட்டாரு. இதவிட இன்னா சகுனம் வேணும்?”

அம்மா காபி கலக்க உள்ளே திரும்பினார். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். “அக்காதான் லட்டப் பத்திக் கவலப்பட்டாங்க.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது. எழுந்துபோய் அவளைக் கட்டிக்கொண்டேன். என் தலையில் இருந்த பூந்தி அவள் தோளில் உதிர்ந்தது. தை மாதம் கல்யாணம் என்று அங்கேயே பேசி முடித்தோம். ஆள் பார்த்து எடை போட நாங்கள் ஜாதகம், வேலை, சம்பளம் என்று என்னென்னவோ கேட்கிறோம். அவளோ, அவன் கத்திய ஒரே ஒரு கத்தலில் ஆளைக் கண்டுபிடித்துவிட்டாள்.

நேற்று நிச்சயதார்த்தம் பற்றிப் பேச சம்பந்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சுவர் இடிந்தது இடிந்தபடியே கிடந்தது. எங்களால் வந்த வினையாயிற்றே. “நாங்களே ஆள் வச்சுக் கட்டிக் குடுத்துடறோம் சம்பந்தி. நாளைக்கே கொத்தனார அனுப்பட்டுமா?” என்று கேட்டேன்.

அவர் அவசரமாகக் கையை ஆட்டினார்.

“இப்ப வேணாம்மா. கல்யாணம் முடியறதுக்குள்ள மாப்பிள்ள இன்னும் ரெண்டு மூணு தடவ கார்ல வந்துட்டுப் போவாரு இல்ல?”