உள்ளே நாலு, வெளியே அஞ்சு

நம்பாவிட்டால் போகட்டும். ஆனால் நடந்தது இதுதான்.

பேய் என்றதும் அமாவாசை, நடுநிசி, நாய் ஊளை என்று எதிர்பார்க்கிறவர்கள் மன்னிக்கணும். இது நடந்தது ஒரு வியாழக்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்கு, மண்டையைப் பிளக்கும் வெயிலில். சாட்சிக்கு ஒரு அரசாங்கப் பதிவேடு இருக்கிறது. ‘உள்ளே 4, வெளியே 5’ என்று நீல மையில் எழுதி, கீழே ஜெஸ்மி கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அடித்துத் திருத்தச் சொன்னார்கள். திருத்தவில்லை. நாக்பூர் வாய்ப்பு கைவிட்டுப் போனதுதான் மிச்சம்.

ஜெஸ்மி தீயணைப்பு நிலைய அலுவலர். வயது முப்பத்திரண்டு. தக்கலைக்குப் பக்கத்தில் நிலைய அலுவலர்களுக்கு மூன்று நாள் தலைமைப் பயிற்சி வைத்தார்கள். அதில் முதலாவதாக வருகிறவருக்கு நாக்பூரில் ஆறு மாத மேல்பயிற்சி. மாவட்டத்துக்கு ஒரே ஒரு இடம். போன தடவை, “பொம்பளைப் பிள்ளை... அவ்வளவு தூரம்...” என்று இழுத்தே அவள் பெயரை அடித்துவிட்டார்கள். இந்தத் தடவை யாரும் இழுக்க முடியாதபடி எழுத்துத் தேர்வில் முதல் மதிப்பெண் வாங்கி வைத்திருந்தாள். மூன்றாம் நாள் புகைப் பயிற்சி மட்டும் பாக்கி.

“மேடம், நாக்பூர்ல ஆரஞ்சு நல்லா இருக்குமாம்” என்றான் யூஜின். அவனும் நிலைய அலுவலர்தான், அவளுக்கு அடுத்த மதிப்பெண் அவனுக்கு. “வரும்போ ஒரு பெட்டி கொண்டு வாங்க.”

“நீ தோத்துட்டேன்னு இப்பவே ஒத்துக்கிட்டியா மக்கா?”

அபிலாஷும் ஷாஜனும் சிரித்தார்கள். அந்த நாலு பேர்தான் அணி. ஜெஸ்மி தலைவர், ஒன்றாம் எண். யூஜின் இரண்டு, அபிலாஷ் மூன்று, ஷாஜன் நாலு.

பயிற்சி நடந்த இடம் எப்போதோ மூடிப்போன ஒரு அண்டி ஆபீஸ். முந்திரி ஆலையை இந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். ஓட்டுக் கூரை, நீளமான கட்டடம், ஒரே ஒரு இரும்புக் கதவு. ஜன்னல்களைத் தார்ப்பாயால் மூடிவிட்டு, இயந்திரம் வைத்து உள்ளே வெள்ளைப் புகையை நிரப்பியிருந்தார்கள். செயற்கைப் புகை. தீ கிடையாது, கரி கிடையாது. சலவைச் சட்டையோடு போனால் சலவைச் சட்டையோடு திரும்பலாம். உள்ளே எங்கேயோ அறுபது கிலோ மணல் பொம்மை ஒன்று கிடக்கிறது. அதைத் தேடி வெளியே கொண்டு வரணும்.

பயிற்சி அலுவலர் சுயம்புராஜுக்கு ஓய்வு பெற மூன்று வருஷம் இருந்தது. அதிகம் பேச மாட்டார். கதவருகே நின்று விதிகளை ஒப்பித்தார்.

“தலைவர் முதல்ல உள்ளே, கடைசியில வெளியே. ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடிக்கணும். ‘எண்ணு’ன்னா அவங்கவங்க நம்பரைச் சொல்லணும். கடைசி ஆள் வந்ததும் கதவை அடைக்கணும், காத்து உள்ளே போனா தீ வளரும். கதவை நான்தான் அடைப்பேன். வேற யாரும் தொடக்கூடாது.”

எல்லா வருஷமும் அவர்தான் அடைப்பாராம்.

மணி 11.31. உள்ளே போனார்கள்.

முகத்துக்கு நேரே கையை நீட்டினால் கை இல்லை. ஜெஸ்மி சுவரைத் தடவியபடி முன்னால் நடந்தாள். முகமூடிக்குள் அவளுடைய மூச்சு மட்டும்... புஸ்... புஸ்...

11.36. “எண்ணு! ஒண்ணு!”

“ரெண்டு.” “மூணு.” “நாலு.”

முகமூடி போட்ட குரல்கள் தகர டப்பாவுக்குள் இருந்து வருவதுபோல் கேட்கும். கேட்டன. எல்லாம் சரி.

11.39. ஏதோ நெடி. அண்டித்தோடு, அதாவது முந்திரி ஓடு, எரிகிற, தொண்டையைக் காந்துகிற நெடி. பழைய கட்டடம், சுவரில் ஊறிக் கிடக்கும் என்று நினைத்தாள். ரெண்டு எட்டு வைத்த பிறகுதான் உறைத்தது. அவள் இழுப்பது முதுகிலிருக்கும் சிலிண்டர் காற்றை. வெளி வாசனை ஒரு பொட்டுக்கூட முகமூடிக்குள் வரக்கூடாது.

வந்துகொண்டிருந்தது.

11.42. காலில் மணல் பொம்மை தட்டியது. “கிடைச்சாச்சு! எண்ணு! ஒண்ணு!”

“ரெண்டு.”

“மூணு.”

“நாலு.”

“அஞ்சு.”

ஜெஸ்மி நின்றாள்.

“ஷாஜன், வெளையாடுதியா?”

“நான் நாலோட நிறுத்திட்டேன் மேடம். அபிலாஷ்தான்...”

“போலே, நான் மூணு சொன்னதோட சரி.”

“திரும்ப எண்ணு. ஒண்ணு.”

ரெண்டு. மூணு. நாலு.

புஸ்... புஸ்... பிறகு ஒரு இருமல்.

“அஞ்சு.”

தகர டப்பாக் குரல் இல்லை அது. தெளிவான குரல். முகமூடியே போடாத குரல்.

யாரும் சிரிக்கவில்லை. “வெளியே போவோம்” என்றாள் ஜெஸ்மி. ஷாஜன் சுவரைத் தடவி முன்னால் போனான். அபிலாஷும் யூஜினும் பொம்மையை இழுத்துப் போனார்கள். விதிப்படி தலைவர் கடைசி. ஜெஸ்மிக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது.

11.47. அவள் இடது தோளில் ஒரு கை விழுந்தது.

“யூஜின்... எங்க நிக்கே?”

“உங்க முன்னால, மேடம்.”

“அபிலாஷ்?”

“எனக்கும் முன்னால” என்றான் யூஜின்.

கை இறுக்கியது. கனத்த உடுப்பையும் தாண்டிச் சூடு தெரிந்தது.

அவள் திரும்பவில்லை. நடந்தாள். கையும் நடந்தது.

11.52. கதவு. வெளிச்சம். வாசலுக்கு ரெண்டு எட்டு இருக்கும்போது தோள் சட்டென்று லேசானது. கை இல்லை.

வெளியே வெயில். மூன்று பேரும் முகமூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். சுயம்புராஜ் கதவைப் பிடித்துவிட்டார்.

“நாலு. சரி. அடைக்கேன்.”

இரும்புக் கதவு கிறீச்சிட்டு நகர்ந்தது... பாதியில் நின்றது. இடையில் ஜெஸ்மியின் பூட்ஸ் கால்.

“அடைக்காதீங்க சார். இன்னும் ஒருத்தர் உள்ளே உண்டு.”

“காலை எடும்மா.”

“உள்ளே ஆள் இருக்கும்போ கதவை அடைக்கச் சொல்லி எந்தப் புத்தகத்துல எழுதியிருக்கு?”

“திரும்ப உள்ளே போனா இந்தப் பயிற்சியில நீ பெயில். தெரியும்லா?”

“தெரியும்.”

போய்விட்டாள். தனியாக.

புகை மூடிக்கொண்டது. நெடி முன்னைவிட அதிகம். ரெண்டு எட்டு வைத்து நின்றாள். 11.54. முதுகில் சிலிண்டர் கீச்சென்று விசிலடிக்கத் தொடங்கியது. காற்று தீரப்போகிறது என்று அர்த்தம்.

“எனக்குப் பயமா இருக்கு” என்று சத்தமாகவே சொன்னாள். “ஆனாலும் விட்டுட்டுப் போக மாட்டேன். அஞ்சு! தோளைப் பிடிங்க!”

விசில்... விசில்...

எதுவுமில்லை.

“பிடிங்கன்னு சொன்னேன்!”

விழுந்தது கை.

இந்தத் தடவை விடவில்லை அவள். தன் கையை அதன் மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். கையுறை இல்லாத கை. ஒரு எட்டு. ரெண்டு எட்டு. வாசல்.

வெயில்.

கைக்குக் கீழே அவளுடைய தோள் மட்டும் இருந்தது.

மணி 11.58.

அவள் முகமூடியைக் கழற்றினாள். ஷாஜன் அவளையே வெறித்துப் பார்த்தான். அவளை என்றால் அவள் இடது தோளை. கன்னங்கரேலென்று அஞ்சு விரல். தொட்டுப் பார்த்தான். பிசுபிசுத்தது. கரியே இல்லாத புகையிலிருந்து வந்த கரி.

சுயம்புராஜ் அதைப் பார்த்தார். அயனிமரத்தடியில் கிடந்த மேசைக்கு அவளைக் கூப்பிட்டுப் பதிவேட்டை விரித்தார்.

“பெயிலெல்லாம் போடல. வாய்தவறிச் சொல்லிட்டேன். உள்ளே நாலு, வெளியே நாலுன்னு எழுதி கையெழுத்துப் போடு. நாக்பூர் உனக்கு.”

“வெளியே அஞ்சு, சார்.”

“அது எதிரொலிம்மா. பழைய ஓட்டுக் கட்டடம்.”

“எதிரொலின்னா ‘நாலு’ன்னுல்லா திரும்பக் கேக்கணும்? ‘அஞ்சு’ன்னு எப்பிடிக் கேக்கும்?”

சுயம்புராஜ் பதிவேட்டின் பழைய பக்கங்களைப் புரட்டினார்.

“பதினோரு பேட்ச் இதே கதவு வழியா போயிருக்கு. எல்லாத் தலைவனுக்கும் கேட்டுருக்கு. எல்லாவனும் நாலுன்னுதான் எழுதினான். பாஸானான். நீ மட்டும் என்ன பெரிய...”

“யாரு சார் அது?”

அவர் கதவுப் பக்கம் திரும்பவே இல்லை. “டிரைவர்” என்றார். “ரொம்ப வருஷம் முன்னால இங்கே ஒரு தீ. டிரைவர் பம்புகிட்டதான் நிக்கணும், உள்ளே வரக்கூடாது. டிரைவருக்கு நம்பர் கிடையாது.”

ஜெஸ்மி பேனாவை எடுத்தாள். உள்ளே 4. வெளியே 5. கையெழுத்து. தேதி. நேரம்.

பதிவேட்டை மூடும்போது சுயம்புராஜ் தாழ்ந்த குரலில் கேட்டார். “அவன்... ஏதாவது சொன்னானா?”

“நம்பரைச் சொன்னாரு, சார்.”

நாக்பூர் யூஜினுக்குப் போனது. கிளம்புவதற்கு முந்தின நாள் போன் செய்தான். “நானும் கேட்டேன் மேடம். ரெண்டு தடவையும் கேட்டேன். எழுதத்தான்... தைரியம் வரல.”

“போயிட்டு வா மக்கா. ஆரஞ்சை மறந்துராத.”

போனை வைத்துவிட்டு அன்றைக்கே தன் நிலையத்து டிரைவர் எபினைக் கூப்பிட்டாள்.

“நாளையிலேருந்து நீ அஞ்சாம் நம்பர்.”

“டிரைவருக்கு நம்பர் கிடையாதே மேடம்?”

“இனி உண்டு.”

ரெண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் நிலையத்துக்கு ஒரு பெரியவர் வந்தார். பெயர் ஞானம். ஓய்வு பெற்ற தீயணைப்பு வீரர். யாரோ பதிவேட்டில் அஞ்சு என்று எழுதிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு வந்தாராம். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“அந்தத் தீக்கு நானும் போயிருந்தேன் பிள்ளே. நான் மூணாம் நம்பர். சுயம்புதான் தலைவன். எங்களைக் காணலன்னு டிரைவர் ஜான்ரோஸ் பம்பை விட்டுட்டு எங்களைத் தேடி உள்ளே வந்துட்டாரு. எங்களுக்குத் தெரியாது. நாங்க வெளியே வந்து வாசல்ல நின்னு எண்ணினோம். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. சரியா இருந்துது.”

“உங்களுக்குத் தெரியாதுல்லா அண்ணாச்சி. அப்போ நீங்க என்ன...”

“இல்ல பிள்ளே. நாலுக்குப் பொறவு... உள்ளே இருந்து ‘அஞ்சு’ன்னு கேட்டுது. அப்போ அவரு உயிரோடதான் இருந்தாரு. எங்க நாலு பேருக்கும் நல்லாக் கேட்டுது.”



“சுயம்புராஜ் சார் என்ன சொன்னாரு?” கேட்கும்போதே அவளுக்குப் பதில் தெரியும்.

“எதிரொலின்னான். கதவை அடைன்னான். மறுநாள் திறந்தோம். வாசலுக்கு ரெண்டு எட்டுல கிடந்தாரு.”

“அடைச்சது யாரு?”

ஞானம் தன் ரெண்டு கைகளையும் திருப்பிப் பார்த்தார்.

ஜெஸ்மி ஒரு வெள்ளைத் தாளை அவர் பக்கம் தள்ளினாள். பேனாவைத் திறந்து மேலே வைத்தாள்.

“உக்காருங்க. எழுதுங்க” என்றாள். “உள்ளே அஞ்சுன்னு தொடங்குங்க.”