நீர் அருந்தாத பகல்கள்

திண்டிவனத்தை அடுத்த ஓர் உயர்நிலைப் பள்ளியில் நான் தமிழாசிரியையாகச் சேர்ந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். வீடு விழுப்புரத்தில் இருந்தது. காலையில் ஏறும் பயணிகள் இரயில் வண்டி முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என நின்று நின்று திண்டிவனம் சேரும்; அங்கிருந்து பேருந்தில் கால் மணி நேரம். மாலையில் அதே வழியில் திரும்புதல். வீட்டை நீங்குவதற்கும் வீடு சேர்வதற்கும் இடையே ஏறத்தாழப் பதினொரு மணி நேரம் கழியும். அந்த நேரம் முழுவதும் நான் சிறுநீர் கழித்ததில்லை. இதை எழுதும்போது கை கூசுகிறது. கூச்சம் எங்களை என்ன செய்தது என்பதைச் சொல்ல வந்திருப்பதால் எழுதித்தான் ஆக வேண்டும்.

பள்ளியில் கழிப்பறை இல்லாமல் இல்லை. விளையாட்டுத் திடலின் மறுகோடியில் ஓடு வேய்ந்த ஒரு சிற்றறை இருந்தது. மாணவர்கள் பாழாக்கிவிடுவார்கள் என்று அதைப் பூட்டி வைத்திருந்தார்கள். சாவி தலைமையாசிரியர் அறைச் சுவரில் ஓர் ஆணியில் தொங்கும். அந்த அறையில் எந்நேரமும் இரண்டு மூன்று ஆசிரியர்கள் அமர்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் நடுவே சென்று நின்று சாவியைக் கேட்க வேண்டும். பிறகு பள்ளி ஊழியர் வாளியில் தண்ணீர் மொண்டு முன்னே நடக்க, நாம் திடலைக் கடந்து பின்னே போக வேண்டும். ஆண்களுக்கு இந்த இடர் இல்லை. அவர்களுக்குப் பள்ளியின் பின்புறச் சுவர் போதுமானதாக இருந்தது.

பெண்கள் நாங்கள் இருவரே: நானும் தையலாசிரியையும். நாங்கள் சாவியைக் கேட்டதில்லை. கேட்கும் நிலை வராதிருக்கத் தண்ணீர் குடித்ததில்லை. காலையில் அரைக் குவளைக் காப்பி. நண்பகலில் கெட்டித் தயிர்ச்சோறு. மோரோ இரசமோ கூடாது. தொண்டை வறண்டால் ஓர் ஏலக்காயை வாயில் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். எச்சில் ஊறும், வேட்கை தணிந்ததுபோல் இருக்கும். இவையெல்லாம் தையலாசிரியை வகுத்த முறைகள். கோலியனூரிலிருந்து வந்துகொண்டிருந்த அவர், பதினைந்தாண்டுப் பணிக்காலத்தில் ஒரு நாளும் முறை தவறாதவர். அதில் அவருக்குப் பெருமிதமே உண்டு.

“அந்தக் கதவு உள்பக்கம் தொறக்குமா வெளிப்பக்கம் தொறக்குமான்னு எனக்கு இன்னிவரைக்கும் தெரியாது,” என்பார்.

அடுத்த ஆண்டு வானூர்ப் பக்கத்திலிருந்து அறிவியலாசிரியை ஒருவர் மாற்றலாகி வந்தார். என் வயதுதான். அவரும் விழுப்புரத்தில் குடியேறியதால் ஒரே வண்டியில் போய்வரத் தொடங்கினோம். முதல் நாள் நண்பகலில் அவர் பானையிலிருந்து ஒரு செம்பு நீரை மொண்டு ஒரே மூச்சில் குடித்ததை நாங்கள் இருவரும் அச்சத்தோடு பார்த்தோம்.

“இன்னா டீச்சர், இப்பிடிக் குடிக்கிறீங்க? சாயங்காலம் வரைக்கும் எங்க கொண்டும்போய் வைப்பீங்க?” என்றார் தையலாசிரியை.

“ஏன், இங்க பாத்ரூம் இல்லியா?”

“இருக்குது. சாவி கேட்டா பேஜாரு. ஊரே எழுந்து நின்னு பாக்கும்.”

அன்று மாலை வண்டியில் எஞ்சிய முறைகளை அவருக்கு எடுத்துரைத்தவள் நான். யாரும் என்னைக் கேட்கவில்லை. ஏலக்காயைக்கூட என் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஒரு திங்களுக்குள் அவரும் எங்களைப் போலவே ஆனார்.

நீர் இல்லாத உடலுக்கு மூன்று மணி அளவில் தலைவலி வரும். நெற்றிப்பொட்டில் தொடங்கிப் பிடரிவரை இறங்கும். அதற்கும் தையலாசிரியையிடம் மருந்து இருந்தது. ஊசியும் நூற்கண்டும் வைக்கும் தகரப் பெட்டியில், பெட்டிக்கடையில் உதிரியாக வாங்கிய தலைவலி மாத்திரைகளைப் போட்டு வைத்திருப்பார். மாத்திரையை விழுங்கத் தண்ணீர் வேண்டுமே! அதனால் வலி வரும்வரை காத்திராமல், நண்பகல் உணவின்போதே ஒரு கவளம் தயிர்ச்சோற்றின் நடுவே அதை வைத்து உருட்டி விழுங்கிவிடுவோம். வராத வலிக்கு முன்கூட்டியே மருந்து. நானும் தையலாசிரியையும் நாளுக்கு ஒன்றோடு நிறுத்திக்கொண்டோம். அறிவியலாசிரியைக்கு ஒற்றைத் தலைவலி முன்பே இருந்தது. அவருக்கு இரண்டு தேவைப்பட்டன. சில நாட்களில் மூன்று.

எட்டாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் இடையே அரைச்சுவர்தான். நான் இலக்கணம் நடத்திக்கொண்டிருக்கையில், அவர் கழிவு மண்டலப் பாடம் நடத்துவது தெளிவாகக் கேட்கும். குருதியிலுள்ள கழிவைச் சிறுநீரகம் எவ்வாறு வடிக்கிறது, நீர் குறைந்தால் என்ன ஆகும் என்று பிள்ளைகள் கண்முன் காண்பதுபோல் விளக்குவார். ஒருமுறை வகுப்பு முடிந்து வந்து என் எதிரே அமர்ந்து சிரித்தார்.

“புள்ளைங்ககிட்ட நல்லா தண்ணி குடிங்கன்னு தொண்ட கிழியக் கத்திட்டு வர்றேன். என் நாக்கு மேல ஒட்டிக்கினு கெடக்குது.”

மூவரும் சிரித்தோம். தெரியாமல் செய்தவர் எங்களில் ஒருவரும் இல்லை. அவருக்கோ நன்றாகவே தெரிந்திருந்தது. ஆண்டுக்கு மூன்று நான்கு முறை அவருக்கு நீர்க்கடுப்பும் குளிர்க்காய்ச்சலும் வந்தன. மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்து, நிறைய நீர் அருந்தச் சொல்வார். “ஞாயித்துக்கிழம ஒரு குடம் காலி பண்ணிட்டேன் டீச்சர், இந்த வாரத்துக்குப் போதும்,” என்பார் திங்கட்கிழமை வண்டியில்.

அவர் வந்த நான்காம் ஆண்டு, கோடையின் தொடக்கத்தில் ஒரு நாள், கடுப்பு தாங்க முடியாமல், எங்களிடம் சொல்லாமலே அவர் தலைமையாசிரியர் அறைக்குள் போய்ச் சாவியைக் கேட்டுவிட்டார். தலைமையாசிரியர் நல்ல மனிதர், உதவுவதாகவே எண்ணினார். சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி ஊழியரை அழைத்தார்.

“யோவ்! சயின்ஸ் டீச்சர் பாத்ரூம் போறாங்க. ஜல்தியா ரெண்டு வாளி தண்ணி கொண்டும்போய் வையி. பெருக்கி உட்டுட்டு வா!”

திடலில் உடற்பயிற்சி செய்துகொண்டிருந்த பத்தாம் வகுப்பு மாணவர்கள் ஒருசேரத் திரும்பினார்கள். வாளி முன்னே செல்ல, அவர் தலைகவிழ்ந்து திடலைக் கடந்ததை நான் வகுப்பிலிருந்து பார்த்தேன். மறுநாள் பத்தாம் வகுப்புக் கரும்பலகை முழுவதையும் அடைத்து ஒரு சாவி வரையப்பட்டிருந்தது. அவர் அதைத் துடைத்துவிட்டுப் பாடம் நடத்தினார்.

அன்று மாலை வண்டியில் நான் அவருக்கு ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது வேறு.

“ஒரு நாள் அடக்கியிருந்தா என்ன கெட்டுப்போச்சு? இப்போ எங்களையும் சேர்த்துல்ல ஒரு மாதிரி பாக்கறாங்க.”

அவர் சன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பேரணி தாண்டிய பிறகு, “தப்புதான் டீச்சர். இனிமே கேக்கமாட்டேன்,” என்றார். சொன்னபடியே நடந்துகொண்டார்.

ஆறாம் ஆண்டில் அவர் கால்கள் வீங்கின. வண்டியில் நின்றுகொண்டே வருவதால் என்றோம். பிறகு காலையில் முகமும் கண்ணிமைகளும் ஊதியிருந்தன. உறக்கக் குறைவு என்றோம். உணவைக் கண்டால் குமட்டுகிறது என்றபோது தையலாசிரியை அவர் கையைப் பிடித்து நாடி பார்ப்பதுபோல் நடித்து, “நல்ல சேதியா இருக்கும்டி, இனிப்பு வாங்கிக்கினு வா,” என்று எள்ளி நகையாடினார். அந்தப் பேச்சில் ஒரு வாரம் கழிந்தது. அடுத்த வாரம் வகுப்பில் மயங்கி விழுந்தார். புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். இரண்டு சிறுநீரகங்களும் சுருங்கிப்போயிருப்பதாகச் சொன்னார்கள்.

நான்கு நாட்களுக்குப் பின் அவர் கணவர் என் வீட்டுக்கு வந்தார். எழுத்தர் பணியில் இருந்தவர், அதிகம் பேசாதவர்.

“டாக்டர் ஒண்ணு கேட்டுக்கினு வரச் சொன்னாரு டீச்சர். தலைவலி மாத்திரை தெனம் போடுவாங்களா, பகல்ல தண்ணி ஒழுங்கா குடிக்கிறாங்களான்னு. அவள கேட்டா எப்பவாச்சும் ஒண்ணுன்றா. கூடவே இருக்கறவங்க நீங்க. உங்களுக்குத்தான் தெரியும்.”

என் கணவர் அதே கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். தினமும் போடுவார் என்றால், வந்தவர் ஏன் என்பார். நீர் குடிப்பதில்லை என்றால், அதற்கும் ஏன் என்பார். அந்த விடை பூட்டு, சாவி, திடல், வாளி என்று நீண்டுகொண்டே போகும். அதை இரண்டு ஆண்கள் முன் எப்படிச் சொல்வது? உயிர் போகும் நிலையில் ஒருத்தி கிடக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாய் எழவில்லை.

“எப்பவாவது ஒண்ணு போடுவாங்க. தண்ணியெல்லாம் குடிப்பாங்க,” என்றேன்.

“நானும் அப்பிடித்தான் நெனச்சேன்,” என்று எழுந்தார். அவர் முகத்தில் சிறிது தெளிவு தோன்றியது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மருத்துவமனையிலிருந்து அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். சென்னைக்குக் கொண்டுபோக ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. நான் போய்ப் பார்த்தபோது, அவர் கணவர் என் வீட்டுக்கு வந்து கேட்டுப்போய் இருபத்தைந்து நாட்கள் ஆகியிருந்தன. உடல் வெளுத்து, தோலில் சாம்பல் படிந்ததுபோல் இருந்தது. என்னைக் கண்டதும் சிரித்தார்.

“ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லியிருக்கோம் பாத்தீங்களா? கேள்வித்தாள் வெளிய வந்துட்ட மாதிரி.”

தலையணையடியில் மாத்திரைகள் கிடந்தன. மருத்துவர் ஐயுற்றுக் கேட்டனுப்பிய அதே தலைவலி மாத்திரைகள். நான் அவற்றைப் பார்ப்பதை அவர் கண்டார்.

“தலவலி உயிர் போவுது டீச்சர். எப்பவாச்சும்தானேன்னு அவரே வாங்கியாந்து குடுக்கறாரு.”

எழுந்து கொல்லைப்புறம் போனேன். அவர் கணவர் துணி பிழிந்துகொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்; சாவியைப் பற்றியும், நண்பகல் கவளத்தைப் பற்றியும், நீர் குடிக்காததைப் பற்றியும். இவ்வளவுக்கும் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

“நாளைக்கு எத்தினி போடுவா?”

“ரெண்டு. சில நாள் மூணு.”

“எத்தினி வருசமா?”

“ஆறு வருஷமா.”

பிழிந்த புடவையைக் கொடியில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார். நீர் அவர் கால்மேல் சொட்டியது. “அன்னிக்கே சொல்லியிருக்கலாமே டீச்சர்,” என்றார். குரலை உயர்த்தவில்லை. உள்ளே போய்த் தலையணையைத் தூக்கி மாத்திரைகளை எடுத்துக்கொண்டு தெருப்பக்கம் சென்றார்.

சென்னையில் இயந்திரத்தால் குருதியைத் தூய்மை செய்தார்கள். சில முறை நடந்தது. கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் முன்னரே அவர் இறந்துவிட்டார்.

ஆடி மாதத்தில் ஏதோ கையெழுத்துக்காக அவர் கணவர் பள்ளிக்கு வந்தார். வேலை முடிந்ததும் தாழ்வாரத்தில் என்னைத் தேடி வந்து நின்றார். இளைத்திருந்தார்.

“டாக்டரைத் திரும்பவும் போய்ப் பாத்தேன் டீச்சர். நீங்க அன்னிக்கே சொல்லியிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காதாம். அதுக்கு முன்னாலேயே எல்லாம் கெட்டுப்போச்சாம். நீங்க மனசுல வச்சிக்காதீங்க. இதச் சொல்லத்தான் நின்னேன்.”

கைகூப்பிவிட்டுப் பேருந்துக்கு நடந்தார். மருத்துவர் மெய்யாகவே அப்படிச் சொன்னாரா, என்னைத் தேற்றுவதற்காக இவர் சொன்னாரா என்று நான் விசாரிக்கவில்லை. மனைவியை எரித்த பின்னும் ஒரு மனிதர் புதுச்சேரிவரை பயணம் செய்து, நான் மறைத்த அந்த இருபத்தைந்து நாட்களைப் பற்றி மருத்துவரிடம் கேட்டிருக்கிறார். கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.